வட்டார வள மையத்தில் கிடைப்பதும் பள்ளியில் கிடைக்காததும்

அரசுப் பள்ளியில் படிக்கும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு என்னென்ன கிடைக்கும், யாரைப் போய்ப் பார்க்க வேண்டும், போனால் பலன் உண்டா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். மருத்துவ முகாமில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த தாய்மார்கள், பேருந்தில் என் மகளின் காலைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தவர்கள், என்னோடு வேலை செய்யும் பெண்ணின் அக்காள். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே கோவையாக எழுதுகிறேன்.

வேலூர் மாவட்டத்தின் ஏழு ஒன்றியங்களில் ஒன்றில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். நான் தோல் காலணித் தொழிற்சாலையில் ஷூவின் மேல்பகுதி தைக்கிறேன். கணவர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு. ஏழாம் மாதத்தில் பிறந்தவள். மூளை முடக்குவாதத்தால் இரண்டு கால்களிலும் தசை இறுக்கம். இடது கை சற்று மந்தம். வாக்கர் பிடித்து நடப்பாள். பேச்சிலும் நினைவாற்றலிலும் வகுப்பில் யாருக்கும் குறைந்தவள் அல்ல. ஒன்றியத்தின் பெயரையும் பள்ளியின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. குறை சொல்லும் இடங்களில் தனியாட்களைச் சுட்டுவது என் நோக்கம் அல்ல.

என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வட்டார வள மையத்தில் வேலை செய்கிறவர்கள் வேலை தெரிந்தவர்கள், மனதோடு செய்கிறவர்கள். தாராளமாக நம்பிப் போகலாம். ஆனால் அந்தச் சேவை மையத்தின் கட்டடத்துக்குள் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, குழந்தை நாள் முழுவதும் இருக்கும் வகுப்பறையில் அவ்வளவு மெலிந்துபோகிறது. வாரத்தில் ஓரிரு மணி நேரம் மையத்தில் இருக்கும் குழந்தை, மற்ற நேரமெல்லாம் பள்ளியில்தானே இருக்கிறாள்?

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படைத் தகவல். ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு வட்டார வள மையம் உண்டு. 2018 முதல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் அது இயங்குகிறது. அதற்கு முன் அனைவருக்கும் கல்வி இயக்கம். அங்கே சிறப்புப் பயிற்றுநர்களும் ஓர் இயன்முறை மருத்துவரும் இருப்பார்கள். பள்ளியில் சேர்ந்திருந்தாலும், பள்ளிக்கே வர முடியாமல் வீட்டில் படுத்திருந்தாலும் குழந்தையை அவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டிருக்கிறது. பழைய 1995 சட்டத்தில் இருந்தவை 7 மட்டுமே. கற்றல் குறைபாடு, ஆட்டிசம், தலசீமியா எல்லாம் புதிய பட்டியலில் உண்டு. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி அந்தச் சட்டப்படி உரிமை. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்க வேண்டிய சலுகை அல்ல அது. முதன்முதலாக மையத்துக்குப் போகும் பெற்றோர் இதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். குரல் தானாகவே நிமிர்ந்துவிடும்.

எல்லாம் மருத்துவ மதிப்பீட்டு முகாமில்தான் தொடங்குகிறது. ஆண்டுக்கொரு முறை ஏதாவது ஒரு பெரிய பள்ளியில் நடக்கும். எலும்பு, கண், காது மூக்கு தொண்டை, மனநலம் என்று மருத்துவர்கள் தனித்தனி மேசையில் இருப்பார்கள். சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டைக்கான பதிவும் அங்கேயே நடக்கும். கூட்டம் அதிகம், காத்திருப்பு நீளம், அறிவிப்பு கடைசி நேரத்தில் வரும். ஆனாலும் போயே ஆக வேண்டும். அந்த அட்டை இல்லாமல் அடுத்த எந்தக் கதவும் திறக்காது.

இயன்முறை மருத்துவரைப் பற்றி விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி அவர்தான்.

மையத்தின் பின்பக்க அறைதான் அவருடைய இடம். நீல நிற விரிப்பு, இரும்புக் குழாயில் செய்த இரு கைப்பிடிக் கம்பிகள், சுவரில் ஆளுயரக் கண்ணாடி, குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்து உருட்டும் பெரிய பந்து. வேறு ஆடம்பரம் கிடையாது. மற்ற இடங்களில் நான் பார்த்தது, குழந்தையை உள்ளே அழைத்துப் போய்விட்டுத் தாயை வெளியே உட்கார வைப்பார்கள். இவர் தாயைத்தான் முதலில் விரிப்பில் உட்கார வைப்பார். "நான் வாரத்தில் ஒரு முறைதான் தொடப்போகிறேன் அம்மா. தினமும் தொடுவது நீங்கள்தான். உங்கள் கைக்குத்தான் முதலில் வேலை தெரிய வேண்டும்" என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்.

கெண்டைக்கால் தசையை இழுத்துவிடும் பயிற்சியை எப்படிச் சொல்லிக் கொடுத்தார் என்பதை இங்கே எழுதுகிறேன். பாதத்தின் முன்பகுதியைப் பிடித்து மேலே தள்ளுவதுதான் எல்லோரும் செய்வது. நானும் அப்படித்தான் கையைக் கொண்டுபோனேன். அவர் தடுத்தார். முன்பாதத்தைத் தள்ளினால் பாதத்தின் நடுப்பகுதி வளைந்து கொடுக்கும், குதிகால் இருந்த இடத்திலேயே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் கால் மடங்கியதுபோலத் தெரியும், இறுகிய தசையோ கொஞ்சமும் நீண்டிருக்காது. அதனால் குதிகாலை உள்ளங்கைக்குள் கிண்ணம்போல் ஏந்த வேண்டும். குழந்தையின் உள்ளங்கால் முழுவதும் நம் முன்கையின் மேல் பதிந்திருக்க வேண்டும். முழங்கால் நீட்டியபடி இருக்க, குதிகாலைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே முன்கையால் பாதத்தை மெதுவாகச் சாய்க்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் தசை இன்னும் இறுகும். மெதுவாகப் போனால், ஓரிடத்தில் எதிர்த்து நிற்கும் தசை, சிறிது நேரத்தில் கைக்குள்ளேயே இளகுவது தெரியும். அந்த இளக்கத்தை என் விரல்கள் உணர்ந்த அன்று, இனி இதை என்னால் செய்ய முடியும் என்ற தைரியம் வந்தது.

எண்ணிக்கை சொன்னால் மகள் அலுத்துக்கொள்வாள். அதையும் அவரே கவனித்துவிட்டு, எண்ண வேண்டாம், ஒரு பாட்டு பாடி முடிக்கும் வரை பிடித்திருங்கள் என்றார். என்ன பாட்டு என்பது மகளின் விருப்பம். தினமும் இரவு அவள் பாட்டைத் தேர்ந்தெடுப்பாள், அத்தை பாடுவார், நான் காலைப் பிடித்திருப்பேன். என் மாமியார் நல்ல குரல்காரர். நாற்று நடவுப் பாட்டு நிறையத் தெரிந்தவர்.

இன்னொன்றும் அவர் கண்ணில்தான் பட்டது. மகள் தரையில் உட்காரும்போது முழங்கால்களை முன்னே மடித்து இரு பாதங்களையும் வெளிப்பக்கமாகத் தள்ளி, நடுவில் இடுப்பை இறக்கி உட்காருவாள். அப்படி உட்கார்ந்தால் சாயமாட்டாள். அதனால் எங்களுக்கு நிம்மதி. நாள்தோறும் மணிக்கணக்கில் அப்படி உட்கார்ந்தால் தொடை எலும்பு உட்பக்கமாகத் திரும்பிக்கொண்டே போகும், இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல என்றார் அவர். தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் பெரும்பாலும் தரையில் வட்டமாகத்தான் உட்காருகிறார்கள். ஆகவே முதுகுக்கும் இரு பக்கங்களுக்கும் தாங்கல் உள்ள தரை இருக்கை ஒன்று பள்ளியில் இருக்க வேண்டும் என்று வகுப்பு ஆசிரியருக்குத் தாளில் எழுதிப் படமும் வரைந்து கொடுத்தார். மையத்தில் அந்த இருக்கை இல்லை. எங்கள் ஊர்த் தச்சர் மாமரப் பலகையில் செய்து கொடுத்தார். இரண்டாம் வகுப்பு முதல் மகள் அதில்தான் உட்காருகிறாள். கால் நீட்டி, முதுகு நிமிர்ந்து.

குறை என்ன? ஒன்றியம் முழுவதற்கும் அவர் ஒருவர்தான். அவர் மையத்தில் இருக்கும் நாளில் நான் வேலைக்குப் போக முடியாது, அன்றைய கூலி போய்விடும். அரசு நகரப் பேருந்தில் 2021 முதல் மகளிருக்குக் கட்டணம் இல்லை, ஆதலால் எங்களுக்குப் பயணச் செலவு இல்லை. ஆனால் அந்தப் பேருந்தின் படி உயரம். வாக்கரை ஒரு கையிலும் வளர்ந்த பிள்ளையை மறு இடுப்பிலுமாக ஏறுவது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிக்கொண்டு வருகிறது. இயன்முறை மருத்துவர் மாதத்தில் ஒரு நாளாவது பள்ளிக்கே வந்தால், இருக்கையையும் நடையையும் அங்கேயே பார்த்துத் திருத்தலாம். வர அவருக்கு மனம் இருக்கிறது. நாள் இல்லை.

அடுத்து உதவி உபகரணங்கள். இதில் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது.

முகாமில் அளவெடுத்து, கான்பூரில் உள்ள அலிம்கோ நிறுவனம் போன்ற இடங்களிலிருந்து உபகரணங்கள் வரும். சக்கர நாற்காலி, மூன்று சக்கர வண்டி, காது கேட்கும் கருவி, மூளை முடக்குவாதக் குழந்தைக்கான சிறப்பு நாற்காலி என்று பலவும் இலவசம். வாக்கர் எங்களுக்கு அப்படித்தான் வந்தது. உறுதியானது, உயரம் கூட்டிக் குறைக்கலாம், இன்றும் நன்றாக உழைக்கிறது. ஆனால் பாதத்தையும் கணுக்காலையும் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் உறைக்கு இந்த முறை ஒத்துவரவே இல்லை. அளவெடுத்த நாளுக்கும் கையில் கிடைத்த நாளுக்கும் இடையே பல மாதங்கள். அதற்குள் பிள்ளையின் பாதம் ஒரு கட்டைவிரல் அகலம் வளர்ந்துவிட்டது. போட்டுப் பார்த்தால் குதிகால் அடிவரை இறங்கவில்லை. காலையில் மாட்டி மதியம் கழற்றியபோது கணுக்கால் எலும்பின் மேல் சிவந்த தடம். காலணித் தொழிற்சாலையில் அரை அளவு வித்தியாசத்துக்கே ஒரு ஜோடியைத் தனியே எடுத்து வைத்துவிடுவோம். வளரும் பிள்ளையின் காலுக்கு, பல மாதம் முந்தைய அளவில் உறை கொடுத்தால் அது எப்படிப் பயன்படும்? மற்ற உபகரணங்களைத் தொகுப்பாக வரவழைக்கலாம். கால் உறையை மட்டும் அளவெடுத்த சில வாரங்களில் மாவட்டத்திலேயே செய்து கொடுக்க ஏற்பாடு வேண்டும். அதற்குத் தேவையான கைத்திறன் வேலூரில் இல்லாமலா இருக்கிறது?

எங்கள் மகளுக்கு இறுதியில் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மேரி வர்கீஸ் மறுவாழ்வு நிலையத்தில் செய்து வாங்கினோம். 1966-இல் தொடங்கப்பட்ட நிலையம் அது. சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் மேரி வர்கீஸின் பெயரில் இயங்குவது. அவருடைய கதையை மகளுக்குச் சொன்னதிலிருந்து, தானும் உட்கார்ந்தபடியே டாக்டர் வேலை பார்ப்பேன் என்கிறாள்.

உறை சரியாகப் பொருந்தினாலும் அதன் மேல் போட ஷூ கிடைக்காது. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. உறை தடிமனானது, வழக்கமான அளவில் உள்ளே போகாது, பெரிய அளவு வாங்கினால் முன்னால் தொளதொளவென்று இருந்து தடுக்கும். நான் ஒரு அளவு மட்டும் கூட்டி வாங்கி, நாக்குப் பகுதியை விரல்நுனி வரை வெட்டித் திறந்து, கயிற்றுத் துளைகளை எடுத்துவிட்டு இரண்டு ஒட்டுப்பட்டைகள் தைத்தேன். உள்தகட்டையும் எடுத்துவிட்டேன். இப்போது மகளே தனக்குத் தானே ஷூ மாட்டிக்கொள்கிறாள். மையத்துக்கு வரும் வேறு சில பிள்ளைகளுக்கும் அதேபோல் தைத்துக் கொடுத்திருக்கிறேன். செருப்புத் தைக்கும் யாரிடம் கொடுத்தாலும் இதைச் செய்துவிடுவார்கள். நாக்கை முழுவதும் திறக்கச் சொல்லுங்கள், அதுதான் முக்கியம்.

இனி சிறப்புப் பயிற்றுநர். பிள்ளைகள் அவரை மிஸ் என்றே அழைக்கிறார்கள். அவருடைய பொறுப்பில் பல பள்ளிகள். எங்கள் பள்ளிக்கு மாதத்தில் சில நாட்கள் வருவார். வந்தால் ஒரு பாடவேளை, சில சமயம் அதுவும் முழுதாக இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் செய்து வைத்திருக்கும் வேலையைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பென்சிலில் ரப்பர் வளையம் சுற்றித் தடிமனாக்கினார். இடது கையால் தாளை அழுத்திப் பிடிக்க முடியாது என்பதால் தாளின் நான்கு மூலைகளையும் ஒட்டுநாடாவால் பலகையில் ஒட்டினார். பயிற்சித்தாளின் கோடுகளைப் பெரிதாக்கி நகலெடுத்துக் கொண்டுவந்தார். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. பார்க்கத் தெரிந்த கண் ஒன்றுதான் வேண்டும்.

அவருக்கு நான் என்றென்றும் கடமைப்பட்டிருப்பது வேறொன்றுக்காக. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். மகள் அரும்பில் இருந்தாள். எழுத்துத் தேர்வில் மற்ற பிள்ளைகள் முடிக்கும் நேரத்தில் அவள் மூன்றாவது கேள்வியில்தான் இருப்பாள். மீதித் தாள் வெறுமையாக இருக்கும். மதிப்பீடும் அப்படியே பதிவாகிவிடும். எழுத்தையே அறிமுகப்படுத்தும் பாடத்தை அவளுக்குத் திரும்பத் திரும்ப நடத்திக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அவளோ தாத்தாவுக்குத் தினத்தந்தி வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லியும் எடுபடவில்லை. பெற்ற தாய் அப்படித்தான் சொல்வாள் என்று நினைத்திருப்பார்கள்.

சிறப்புப் பயிற்றுநர் வந்த அன்று அதே கேள்விகளை வாய்மொழியாகக் கேட்டார். கணக்குக்குப் புளியங்கொட்டைகளைக் கையில் கொடுத்தார். வாசிப்புக்கு அவள் அதுவரை பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுத்தார். பிறகு வகுப்பு ஆசிரியரைப் பக்கத்தில் உட்கார வைத்து மறுபடியும் எல்லாவற்றையும் கேட்டார். "டீச்சர், இவளுடைய கைதான் மெதுவாகப் போகிறது. இவள் மலரில் இருக்க வேண்டிய பிள்ளை" என்றார். வகுப்பு ஆசிரியர் அதை மனதார ஏற்றுக்கொண்டார். அன்றே மாற்றினார். இப்போது மகளுக்குப் பாதிக் கேள்விகள் எழுத்தில், மீதி வாய்மொழியில். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவரையும் கூடுதலாக ஒரு மணி நேரத்தையும் அரசே தருகிறது. அந்த நியாயம் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஏன் இருக்கக் கூடாது? கை மெதுவாக இயங்கும் எத்தனை பிள்ளைகளை மந்தமானவர்கள் என்று முத்திரை குத்திப் பின்வரிசையில் வைத்திருக்கிறோமோ, நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

இந்த இடத்தில் வகுப்பு ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர்கள் உள்ள பள்ளி அது. சிறப்புக் கல்விக்கென்று அவர் படித்தவர் அல்ல. யாராவது அருகில் இருந்து காட்டிக் கொடுத்தால் செய்யக்கூடியவர், செய்தும் காட்டினார். காட்டிக் கொடுக்கும் ஆள்தான் மாதத்தில் சில நாட்கள் மட்டும் வருகிறார். தொடக்க வகுப்புகளில் பத்துச் சிறப்புக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பாசிரியர்கள் வேண்டும் என்பது, உச்ச நீதிமன்றத்தின் 2021-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு வகுக்கப்பட்ட அளவு. எங்கள் ஒன்றியத்தில் அந்த விகிதம் கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது.

இருக்கிறவர்களின் நிலைமையும் சொல்லும்படியாக இல்லை. பல ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் வேலை செய்கிறார்கள். 2024-25-இல் ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தப் பிரச்சினையால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்காகத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு விடுவிக்கவில்லை என்று செய்தித்தாள்கள் எழுதின. அந்தச் செய்தி எங்களுக்கு வெறும் எண்ணாக இருக்கவில்லை. சம்பளம் தாமதமான மாதத்திலும் இயன்முறை மருத்துவர் வழக்கம்போல் வந்து விரிப்பை விரித்தார். அவரிடம் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை.

பள்ளிக் கட்டடத்துக்கு வருகிறேன். சாய்தளம் இருக்கிறது. ஆனால் அது யாருக்காகக் கட்டப்பட்டது என்று தெரியவில்லை. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் சாய்வு வேண்டும் என்பது கட்டட விதி. எங்கள் பள்ளித் திண்ணை ஒன்றரை அடி உயரம். ஆக பதினெட்டு அடி இருக்க வேண்டும். நான் நாடா பிடித்து அளந்தேன், ஆறடிகூட இல்லை. வாக்கரோடு ஏறினால் பின்னால் சரியும், இறங்கினால் ஓடும். மகள் படியில் கைப்பிடித்து ஏறுவதையே பத்திரமாக நினைக்கிறாள்.

கழிப்பறை விஷயம் அதைவிட மோசம். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்று தனிக் கழிப்பறை கட்டியிருந்தார்கள். உட்காரும் வகைக் கோப்பை, சுவரில் கைப்பிடி எல்லாம் முறையாக இருந்தது. கதவுக்குப் பூட்டு. உள்ளே துடைப்பங்கள், உடைந்த நாற்காலி, சாக்குகள். மகள் என்ன செய்தாள் என்றால், காலையில் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன்பிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். காலை உணவுத் திட்டத்தில் தோழிகள் தட்டை எடுத்து வந்து கொடுக்க உப்புமா சாப்பிடுவாள், தண்ணீர் மட்டும் தொடமாட்டாள். வேலூர் வெயிலில் மாலை வரை. சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் படுத்த பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. மையத்தில் எவ்வளவு நல்ல பயிற்சி கிடைத்தென்ன, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கப் பயப்படும் பிள்ளை பள்ளியில் எப்படிப் படிப்பாள்?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். எழுத்தாகவும் கொடுத்து, தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னேன். அடுத்த வாரமே அறை காலியானது. பூட்டும் போனது. இப்போது மிஞ்சியிருக்கும் சிக்கல், கதவு உட்பக்கமாகத் திறப்பது. வாக்கரோடு உள்ளே போனால் கதவைச் சாத்த முடியாது. கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்க வைக்கும் வேலை நிற்கிறது. அதுவரை ஒரு தோழி வெளியே காவல் நிற்கிறாள். அந்தப் பிள்ளைகள் தங்கமானவர்கள்.

பண உதவிகளைப் பற்றிப் பலர் குழம்புகிறார்கள். பள்ளி வழியாக வருவது வேறு, மாற்றுத்திறனாளிகள் நலத் துறை வழியாக வருவது வேறு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்று கணக்கிட்டுத்தான் உபகரணம், பயிற்சி, போக்குவரத்து எல்லாவற்றுக்கும் ஒதுக்குகிறார்கள். பெண் குழந்தைகளுக்கு மட்டும் தனியாக மாதம் 200 ரூபாய், பத்து மாதங்களுக்கு ஊக்கத்தொகை. துணைக்கு வருபவருக்கான படியும் போக்குவரத்துப் படியும் உண்டு. எங்களுக்கு அவை கல்வியாண்டு முடியும் தறுவாயில் மொத்தமாக வங்கிக் கணக்கில் விழுகின்றன. மாதாமாதம் வந்தால் ஆட்டோவுக்கு ஆகும். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை மேற்சொன்ன நலத் துறையுடையது. குறைபாட்டின் அளவையும் வகையையும் பொறுத்துத்தான் கிடைக்கும். தகுதி இருந்தும் பதில் இல்லை என்றால் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்வு நாளில் மனு கொடுங்கள்.

வீட்டு வழிக் கல்வியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எழுந்து உட்காரவே முடியாத பிள்ளைகளுக்கு அது பெரிய வரம். எங்கள் தெருவிலேயே ஒரு பையனுக்குப் பயிற்றுநர் வீட்டுக்கு வந்து போகிறார், அவன் அவருக்காகக் காத்திருக்கிறான். ஆனால் பள்ளிக்கு வரக்கூடிய பிள்ளையையும், வசதி செய்து தரத் தயங்கி, வீட்டிலேயே இருக்கட்டுமே என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். என்னிடமும் சொல்லப்பட்டது, நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். வட்டமாக உட்கார்ந்து சண்டை போடுவதும் சமாதானம் ஆவதும் எந்தப் பயிற்றுநராலும் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்க முடியாத பாடம்.

இன்னும் ஓராண்டில் நடுநிலைப் பள்ளிக்கு மாற வேண்டும். ஆறாம் வகுப்பு அங்கே மாடியில் நடக்கிறது. தரைத்தளத்துக்கு மாற்றித் தரும்படி தலைமை ஆசிரியரிடம் இப்போதே கேட்டிருக்கிறேன். ஆகட்டும் என்று வாயால் சொன்னார். எழுத்தில் வேண்டும் என்று மனு கொடுத்து, அதன் நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மையத்துக்கும் அனுப்பியிருக்கிறேன்.

முகாமுக்குப் போகிறவர்கள் குழந்தையின் ஆதார் அட்டை, குடும்ப அட்டை, கடவுச்சீட்டு அளவுப் புகைப்படங்கள், பழைய மருத்துவச் சீட்டுகள், பெற்றோர் பெயரோடு சேர்ந்த வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். குழந்தைக்குச் சாப்பாடும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும். எல்லாவற்றிலும் இரண்டு நகல்கள். ஒன்றை மையத்தில் கொடுத்துவிட்டு, மற்றதில் பெற்றுக்கொண்ட தேதியும் கையெழுத்தும் வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.